புதுப்பிப்பு: இரண்டு பகடை, குறைந்தது ஒரு 6

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் சந்தேகத்தைப் போன வாரம் கேட்டிருந்தேன்: இரண்டு பகடைகளை உருட்டினால் குறைந்தது ஒரு 6 விழும் நிகழ்தகவு ஏன் 1/6 + 1/6 இல்லை? தீர்ந்துவிட்டது.

கூட்டல் தேற்றத்தை (இரண்டு நிகழ்தகவுகளையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவைக் கழிப்பது) சொன்னபோது தலையாட்டினாள், அவ்வளவுதான். ஒரு பகடைக்கு நிரை, மற்றதற்கு நிரல் என்று 36 கட்டங்கள் போட்டு, 6 வரும் நிரையையும் நிரலையும் நிழலிட்டதும் பிடிபட்டது: (6, 6) கட்டம் இரண்டிலும் இருக்கிறது. ஆக 6 + 6 − 1 = 11, விடை 11/36.

அப்புறம் நீங்கள் சொன்ன வழி, 6 விழவே விழாததை 1-இலிருந்து கழிப்பது: 1 − (5/6 × 5/6). அதே 11/36. பகடைகள் கூடக்கூட இதுதான் சுலபம் என்பது என் கட்சி. நான்கு பகடைக்கு 671/1296, பாதிக்குச் சற்று மேல். சும்மா கூட்டிக்கொண்டே போனால் ஏழு பகடைக்கு 7/6 வரும், நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே முடியாதே! அதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.