வயதான பொக்சரின் ஆவணப்படம்: கை நடுங்குவதை வெட்டவா, விடவா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஒரு பழைய பொக்சரைப் பற்றி 22 நிமிடப் படம் எடுத்திருக்கிறேன். இப்போது 71 வயது, ஒரு கடையில் இரவுக் காவல் வேலை. முதல் எடிட்டை அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். மனிசன் சிரித்துக்கொண்டே பார்த்தார். மகள்தான் பாதியில் எழும்பிப் போய் அடுப்படியில் நின்று கேட்டார்: "தம்பி, அப்பாட கை நடுங்குறத எத்தின தரம் காட்டியிருக்கீங்க எண்டு எண்ணிப் பாத்தீங்களா?" எண்ணினேன். ஒன்பது தரம். தகரக் கூரை ஆறு தரம். அந்த அக்கா இடியப்பம் அவித்து விற்றுத்தான் பாதி வீடு ஓடுகிறது, ஆனால் படத்தில் தேத்தண்ணி வைக்கிற ஒரு கையாக மட்டும்தான் வருகிறார். பரிதாபம் தேடி எடுக்கவில்லை, இருந்ததைத்தானே எடுத்தேன்?

கல்லாற்றுப் பெடியன்:
விடு மச்சான். தகரக் கூரைக்கு ஓடு போட்டா காட்டுறது? விழாவுக்கு அனுப்பினால் நடுவர்மாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

அக்கரைப்பற்று ராத்தா:
நடுவர் பார்ப்பார் சரி, ஊர் பார்க்காதா? 1928இல் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் குத்துச்சண்டைக்காரருக்கு வரும் தள்ளாட்டத்தைப் பற்றி எழுதினார். குத்து வாங்கியே வெறித்தவன் என்றுதான் அங்கே ரிங் பக்கம் அவர்களுக்குப் பெயர். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை நடுங்கும், பார்க்கிறவனுக்கு வெறிகாரன். ஒரு சொல் விளக்கம் இல்லாமல் ஒன்பது தரம் காட்டினால் இங்கேயும் அதையேதான் கதைப்பார்கள். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீங்களா? வயதால் வந்த நடுக்கமாகவும் இருக்கலாம், பொக்சிங்தான் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம்.

வெபர் கிரவுண்ட் கிழவன்:
1980 ஒக்டோபர் 2, லாஸ் வேகாஸ். முகமது அலிக்கு 38 வயது, பத்து ரவுண்டோடு அவருடைய ஆட்களே சண்டையை நிறுத்தினார்கள். அந்தச் சண்டை என்றால் எல்லாருக்கும் அலி விழுந்த கதைதான். எதிரில் நின்ற லாரி ஹோம்ஸ் முன்பு அலியிடமே ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, நின்றவர், வென்ற பிறகு அழுதவர், அவரை யார் கேட்டார்கள்? உங்கள் ஆளிடம் குத்து வாங்கினவன் எவனாவது இந்த ஊரில் இருப்பான், தேடிப் பிடியுங்கள், அவனுக்குத்தான் இவருடைய இடது கைக் குத்து தெரியும். 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டில் இலங்கை பொக்சர் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கம் எடுத்ததை இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் கமெராவுக்குள் வருவதென்றால் யுத்தம், சுனாமி, இல்லாவிட்டால் வறுமை. இவர் ஒரு சண்டையை எப்படி வென்றார் என்று 22 நிமிடத்தில் ஒரு நிமிடமாவது இருக்கிறதா தம்பி?

வாவிக்கரையான்:
இல்லை ஐயா. நேற்றுப் பின்னேரம் கமெரா இல்லாமல் போய் ஜப், அதாவது முன்கையால் நேரே குத்துறது, எப்படி அடிக்கிறது என்று கேட்டேன். கதிரையை விட்டு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, வலது குதியைத் தூக்கி நின்றார். கை நடுங்கிக்கொண்டுதான் வந்தது, ஆனால் என் நாடிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. விடிய நாலரைக்கு வந்தால் இடியப்பம் பிழியிறதில இருந்து எடுக்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்பா வேலையால் வர ஆறு மணியாகும். அடுப்படியில் ஒரே ஒரு மங்கல் பல்புதான், ஆரிடமாவது நல்ல லைட் இருந்தால் ரெண்டு நாளைக்குத் தாங்கோ.