பூத்துக்குளியின் பின்பக்கம்

ஊட்டி என்றால் மே மாத மலர்க் கண்காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் போனது உறைபனிக் காலத்தில், முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் பண்டிகைக்கு. நீலகிரி மலையில் எருமை வளர்த்து வாழும் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். மற்ற மந்துகளில் இருந்தும் ஆண்கள் அன்றைக்கு அங்கே கூடிவிடுகிறார்கள்.

தோடர் கோயில்கள் பொதுவாகப் பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததுபோல வளைந்திருக்கும். இங்குள்ள மூன்போ கோயில் அப்படியல்ல. புல் வேய்ந்த கூரை கூம்பாக உயர்ந்து நிற்கிறது. பெண்கள் கோயில் பக்கம் போவதில்லை. அதனால் நானும் அந்த ஊர்ப் பெண்களோடு தொலைவிலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்படி உட்கார்ந்ததுதான் எனக்கு வாய்த்த பேறு.

வெயில் ஏற ஏறப் புல்வெளியில் படிந்திருந்த வெண்பனி கரைந்து, ஆண்கள் ஆடிய இடம் ஈரமாகிவிட்டது. கைகோத்து வட்டமாக நின்று ஆடினார்கள். குரலும் காலடியும்தான் தாளம். பிறகு இளவட்டக்கல் தூக்கினார்கள். உருண்டையான வழுவழுப்பான கல். ஓர் இளைஞன் முழங்கால்வரை ஏற்றி நழுவவிட்டான். கையைத் தான் போர்த்தியிருந்த பூத்துக்குளியில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். இந்த முறை கல் தோளுக்குப் போய் முதுகுப்பக்கம் விழுந்தது. எங்கள் பக்கமிருந்தும் ஆரவாரம் எழுந்தது.

பூத்துக்குளி என்பது அவர்கள் போர்த்தும் வெள்ளைப் பருத்திப் போர்வை. என் அருகில் இருந்த அக்கா ஒருவர் மடியில் அப்படி ஒன்றைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். சிவப்பும் கறுப்புமான நூல், ஓர் ஊசி, அவ்வளவுதான். துணியில் கோடு வரையவில்லை, பார்த்துத் தைக்கப் படமும் இல்லை. ஊசி முனையால் துணியின் இழைகளை எண்ணி எண்ணிக் குத்துகிறார். உதடு மட்டும் அசைகிறது. நடுவில் நான் ஏதோ கேட்க, எண்ணிக்கை தவறிவிட்டது. முகம் சுளிக்காமல் அந்த வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். எனக்குத்தான் மனம் பதைத்தது.

“பின்பக்கத்தில் தைக்கிறீர்களே அக்கா?”

“அப்போதுதான் அந்தப் பக்கம் பூ எழும்பி நிற்கும் அம்மா. தொட்டுப் பாருங்கள்.”

தொட்டேன். வரிசை வரிசையாக விரலில் மேடு தட்டியது. கண்ணை மூடிக்கொண்டே எது சிவப்புப் பட்டை, எங்கே முடிகிறது என்று தடவி அறிந்துவிடலாம்போல இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் தோடர் சால்வை என்று நம்பி ஒன்று வாங்கியிருந்தேன். அச்சடித்த துணி. திருப்பினால் சாயம் ஊறிய தடம்தான் தெரியும். இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் போலிகள் விற்கத்தான் செய்கின்றன. மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்து உழைப்பவர்களின் பெயரில் வேறு யாரோ காசு பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாங்குகிறவர்கள் தயவுசெய்து துணியைத் திருப்பிப் பாருங்கள், தடவிப் பாருங்கள். முடிந்தால் தைத்தவர்களிடமே வாங்குங்கள்.

கோயில் கூரையைக் காட்டி அந்தப் புல்லைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். முன்பு பக்கத்திலேயே அறுத்ததாகவும், இப்போது வெகுதூரம் தேடிப் போவதாகவும் சொன்னார். எதிர்மலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். சோலைக்காடுகளுக்கு நடுவே புல்வெளி விரிந்து கிடந்த சரிவுகளில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அடர்ந்துவிட்டன. மற்ற இடங்களில் தேயிலை. எருமை மேய்வதும் கூரை வேய்வதும் புல்லை நம்பித்தான். மரம் நட்டால் மலைக்கு நல்லது என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆண்கள் திரும்பி வரத் தொடங்கியதும் அக்கா ஊசியைத் துணியிலேயே குத்தி, மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அரை விரல் அகலம்கூட முடிந்திருக்கவில்லை.

நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர்களின் குழலிசையை அவர்கள் ஊர்த் திருவிழாவிலேயே கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அங்கே போக ஆசைப்படுகிறேன்.