மறு: ‘பிராண்டிங் ரிக்வயர்மென்ட்’ – தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> மானிய ஒப்பந்தம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பிராண்டிங் ரிக்வயர்மென்ட்ஸ் (பணம் தந்தவரின் அடையாளத்தைத் திட்டத்தில் காட்ட வேண்டும் என்ற விதிகள்) என்பதை ‘வணிகக்குறித் தேவைகள்’ என்று எழுதலாமா?

வேண்டாம். இரண்டு சொல்லுமே இடறுகின்றன.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘தேவை’ என்றால் யாருக்கோ ஏதோ வேண்டியிருக்கிறது என்று பொருள். இங்கே வருவது அதுவல்ல. செய்யாவிட்டால் பணத்தில் கைவைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, ஒன்றியத்தின் ஆதரவைப் பொதுமக்களுக்குக் காட்டும் கடமையில் தவறி, அதைத் திருத்தியும் கொள்ளாத திட்டத்துக்கு நிதியில் 3 விழுக்காடு வரை வெட்டலாம். ஆகவே ‘நிபந்தனை’. பழகிய சொல் இருக்கப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

‘வணிகக்குறி’தான் பெரிய தலைவலி. அகராதியில் பிராண்ட் என்று தேடினால் அதுதான் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். முன்பு நான் சரிபார்த்த ஒரு மொழிபெயர்ப்பிலும் இப்படித்தான் இருந்தது. அதைப் படித்த தொண்டு நிறுவனச் செயலாளர் ஒருவர், “நாங்கள் சோப்பா விற்கிறோம்? எங்கள் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்யச் சொல்கிறார்களா?” என்று கேட்டார். சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதியதுதான் தப்பு. விற்பவர் தன் சரக்கில் தன் பெயரைப் போடுவது வணிகக்குறி. இங்கே வேலை செய்பவர் ஒருவர், பணம் கொடுத்தவர் இன்னொருவர். கொடுத்தவரின் குறியை வேலை செய்பவர் காட்ட வேண்டும்.

இன்னொன்று. பிராண்டிங் என்ற ஒரே தலைப்புக்குள் பல செயல்கள் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்து, இப்போது செயல்படாத யுஎஸ்எய்டு இதைத் தெளிவாகப் பிரித்திருந்தது. திட்டத்துக்கு என்ன பெயர், அது யார் தந்தது என்று பயனாளிகளிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் ‘பிராண்டிங் ஸ்ட்ராட்டஜி’. எந்தப் பெட்டியில், எந்தப் பலகையில், எந்தக் கையேட்டில் இலச்சினை (லோகோ) வரும் என்ற பட்டியல் ‘மார்க்கிங் பிளான்’. முதலாவது பேச்சு, இரண்டாவது பெயின்ட். இரண்டையும் ‘குறியிடல்’ என்று எழுதிவிட்டால் ஒப்பந்தம் படிப்பவர் திண்டாடிப்போவார். விலக்குகளும் இரண்டாவதற்குத்தான் இருந்தன: ஆணுறை, கழிப்பறை, படுக்கைக் கலம் போன்றவற்றில் இலச்சினை பொருந்தாது என்று அந்த விதியே பெயர் சொல்லி ஒதுக்கியிருந்தது. (எழுதியவர் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும் பாருங்கள்!)

ஆகவே, கொடுத்தவரின் இலச்சினையும் நிதி பற்றிய வாசகமும் சேர்ந்த தொகுப்புக்கு நல்கைக்குறி (நல்கை என்றால் மானியம்). அதைப் போடும் செயலுக்கு நல்கைக்குறி பொறித்தல். பிராண்டிங் ஸ்ட்ராட்டஜிக்கு அடையாள உத்தி. ‘பொறித்தல்’ என் ஆசை. பட்டினப்பாலையில் சுங்கக்காரர்கள் பண்டப் பொதிகளில் புலி பொறித்துத்தானே அனுப்புகிறார்கள்!

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

---

ஐயா, வணக்கம்.

வணிகக்குறியைத் தள்ளியது சரி. உங்கள் சொல்லிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு.

> நல்கைக்குறி

ஒவ்வொரு நல்கைக்கும் ஓர் எண் உண்டு. ‘நல்கைக்குறி’ என்றதும் கணக்குப் பிரிவில் இருக்கும் நான் அந்த எண்ணைத்தான் நினைப்பேன். மேலும் அந்தக் குறி நல்கைக்கு உரியதல்ல, நல்கியவருக்கு உரியது. ஒரே அமைப்பு பத்து நல்கை தந்தாலும் இலச்சினை ஒன்றுதான். ‘நல்குநர் குறி’ என்றால் என்ன?

> பொறித்தல்

அழகான சொல். ஆனால் பொறிப்பது என்றால் கல்லிலோ உலோகத்திலோ பதிவது மாதிரி, எடுக்கவே முடியாதது மாதிரி இருக்கிறது. அமெரிக்க அரசின் தொண்டுப்பணி அமைப்பான அமெரிகோரின் தொண்டர்களுக்கான விதியைப் பாருங்கள். பணி நேரத்தில் கட்சிப் பிரசாரம், மதப் பிரசாரம் கூடாது. சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் செய்துகொள்ளலாம். ஆனால் அப்போது அமெரிகோர் இலச்சினையை அணியக் கூடாது. அதாவது சட்டையை மாற்றிக்கொண்டு போக வேண்டும்! எங்கே காட்டக் கூடாது என்பதும் இந்த நிபந்தனைக்குள் அடங்கும். பொறித்ததை எப்படிக் கழற்றுவது? புலி பொறித்தது அரசனின் அதிகாரம். இது வெறும் நிதிவழிச் செய்தி.

ஒரு நண்பர் தனி மடலில் ‘உபயக்குறி’ என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் உபயம் என்றால் கொடுத்தவர் தாமாக விரும்பித் தம் பெயரை எழுதிக்கொள்வது. இங்கே பெற்றவர் எழுதியாக வேண்டும்.

---

அம்மா, வணக்கம். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். புலியை அனுப்பிவைக்க மனமில்லை, ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

நல்குநர் குறி என்றே வைத்துக்கொள்வோம். வினை, இடத்துக்கு ஏற்ப மாறட்டும்: பெட்டியில் இடுதல், உடுப்பில் அணிதல், வலைத்தளத்தில் காட்டுதல். பொதுப்பெயர் வேண்டுமானால் ‘காட்டுதல்’. ஆக, தலைப்பு: ‘நல்குநர் குறி காட்டும் நிபந்தனைகள்’. மார்க்கிங் பிளான் என்பது ‘குறியிடல் திட்டம்’. அடையாள உத்தியில் மாற்றமில்லை.

இலச்சினை, சின்னம் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நிதிக்கு லோகோவைக் கேட்பதில்லை. பன்னிரண்டு நட்சத்திரக் கொடியையே எம்பளம் என்று கேட்கிறது. அதன் உயரம் பொதுவாக 1 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அருகிலுள்ள வேறு இலச்சினையைவிடச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. அதற்குச் ‘சின்னம்’, மற்றவற்றுக்கு ‘இலச்சினை’.

பக்கத்தில் வரும் வாசகத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். முழு நிதியும் ஒன்றியம் தந்தால் “ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவி பெற்றது”. பங்கு மட்டும் தந்தால் “ஐரோப்பிய ஒன்றியத்தின் இணை நிதியுதவி பெற்றது”. ‘இணை’ விழுந்துவிட்டால் மீதிப் பணம் போட்டவர் சும்மா இருப்பாரா?

பணம் ஒருவர் கைமாறி வரும்போது யார் குறியைக் காட்டுவது? மூலத்தில் இருப்பவரை ‘முதல் நல்குநர்’ என்றும், நடுவில் இருப்பவரை ‘இடை நல்குநர்’ என்றும் எழுதிப் பார்த்தேன். ஒப்பந்த வாசகத்தில் இப்படி அமைகிறது:

“நல்கை பெறுநர், இடை நல்குநரின் இலச்சினையைக் காட்டும் இடங்களில் எல்லாம் முதல் நல்குநரின் குறியையும் அதற்குக் குறையாத அளவில் காட்ட வேண்டும்.”

உரக்கப் படித்துப் பாருங்கள். ‘நல்’ மூன்று முறை வருகிறது, நாக்கு சற்றுத் தடுக்குகிறது. ‘பெறுநர்’ என்று மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.