நல வாரிய அட்டையில் வேறு பெயர்: தவில் கலைஞருக்கு வழி சொல்லுங்கள்

என் தாய்மாமா தேவிபட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் நையாண்டி மேளத்துக்குத் தவில் வாசிப்பவர். இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ரூ.10,000 வீதம் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் நிதியுதவிக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. காரணம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையில் ஊரார் கூப்பிடும் பெயர் இருக்கிறது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பள்ளிக்கூடப் பெயர்.

கருவியின் நிலை மோசம். உப்புக் காற்றில், வலது கையால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்து போல்ட்டுகள் துருவேறி, திருகினால் மரை வழுக்குகிறது. தோல் புதிதுதான், ஆனால் இழுத்துக் கட்ட வழியில்லாததால் சத்தம் பொத்தென்று விழுகிறது. கரகாட்டத்துக்கு இரவல் தவிலோடு போகிறார். இந்த மனிதர் வாசித்தால் வலை பின்னுகிற பையன்கள்கூட எழுந்துவந்து நிற்பார்கள். ஒலிபெருக்கிப் பாட்டுக்கு யாரும் நிற்பதில்லை.

போன ஆடியில் முளைப்பாரி முடிந்த கையோடு அலைய ஆரம்பித்தோம். ஓர் இடத்தில் ஆதாரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினால் ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் மாற வேண்டும். இன்னோர் இடத்தில் புதிதாகப் பதியச் சொன்னார்கள். பழைய பதிவு போய்விடும் என்று மாமா மறுக்கிறார். இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி பத்திரமும் கொடுத்துப் பார்த்தோம், செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

பழைய பதிவு எண் மாறாமல் வாரிய அட்டையில் பெயரை மட்டும் திருத்தியவர்கள் எந்த அலுவலகத்தில், என்ன ஆவணம் கொடுத்தீர்கள்?