மறு: ‘ஃபிளாட்பெட் டிரையர்’ – பரண் உலர்த்தி எனலாமா?

> தட்டைப் படுக்கை உலர்த்தி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம்.

நெல்லைக் காயவைக்கும் ‘ஃபிளாட்பெட் டிரையர்’ கருவிக்கு நீங்கள் சொல்லும் இந்தத் தமிழ்ப் பெயரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. படுக்கை என்றதும் உழவருக்குப் பாயும் கட்டிலும்தான் நினைவுக்கு வரும். ‘படுகை’ என்று சுருக்கினால் காவிரிப் படுகை குறுக்கே நிற்கும்.

கருவியைப் பார்த்தே பெயர் வைப்போமே. செங்கல் சுவர் எழுப்பிய ஒரு பெட்டி. தரைக்கு மேலே துளையிட்ட தகட்டுத் தளம். அதன்மேல் ஏறக்குறைய ஓர் அடி கனத்துக்கு நெல்லைப் பரப்புகிறார்கள். பக்கத்து அடுப்பில் உமி எரியும். விசிறி அந்தச் சூட்டைத் தளத்துக்கு அடியில் தள்ளும். காற்று நெல்லினூடே மேலேறி ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். அடிநெல் முதலில் காய்ந்துவிடும், மேல்நெல் ஈரமாகவே நிற்கும். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். விதைநெல்லானால் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது, முளைப்புத்திறன் கெட்டுவிடும். வியட்நாமின் மேக்கோங் டெல்டாவில் 1980களிலிருந்து பரவிய கருவி இது. ஊர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

அடியில் சூடு, மேலே தானியம். நம் அடுப்படிப் பரணும் இதுதானே? அதனால் என் பரிந்துரை: பரண் உலர்த்தி.

> ‘தொட்டி உலர்த்தி’ இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் புழுங்கல் அரிசி ஆலையில் தொட்டி என்றால் நெல் ஊறும் இடம். ‘உலர்களம்’ என்பதையும் சிமென்ட் களத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் இருக்கிறது. குறுவை அறுவடை மழையில் மாட்டினால், நம் காவிரி டெல்டாவில் நெடுஞ்சாலைதான் களம். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; தளர்வு வேண்டுமென்றால் தில்லி உத்தரவு வர வேண்டும். அதற்குள் குவியல் சூடேறி முளைவிட்டுவிடும். நாலைந்து சிறு விவசாயிகள் சேர்ந்து இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டால் அந்தத் தவிப்பு பெருமளவு குறையும். அவர்கள் கையில் போகும் கையேட்டில் வாயில் நுழையும் பெயர் இருக்க வேண்டும். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற பாசன முறைப் பெயரை யாரும் விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் பரண் என்றால் வயற்காவல் பரண் மட்டுமா, அடுப்புக்கு மேலே உள்ளதையும் அப்படித்தான் சொல்வீர்களா?

அன்புடன்