உண்ணிக் கடியால் வந்த இறைச்சி ஒவ்வாமை: ஆடு, பன்றியை நிறுத்தியும் ராத்திரியில் தடிப்பு வருகிறது

மலர், சுங்கை சிப்புட்:
வணக்கம். வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஆல்பா-கால் ஒவ்வாமை (உண்ணி கடித்தபின் பாலூட்டிகளின் இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போவது) என்று நிபுணர் உறுதிப்படுத்திவிட்டார். ரத்தத்தில் ஆல்பா-கால் ஐஜிஇ (ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்பொருள்) 0.1 என்ற வரம்பைத் தாண்டி நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆடு, மாடு, காட்டுப்பன்றி மூன்றும் வீட்டில் நிறுத்தியாச்சு. கோழி, மீன், முட்டை மட்டும்தான். அப்படியும் சில ராத்திரிகளில் தடிப்பும் வயிற்றுப் பிடிப்பும் வருகிறது. வெளிச் சாப்பாட்டில் எதைச் சந்தேகப்படுவது? பால், நெய்யையும் நிறுத்த வேண்டுமா? மருந்துகளில் எதைப் பார்க்க வேண்டும்? வேலையை விட முடியாது, அதனால் உண்ணி கடிக்காமல் தடுக்கும் வழியையும் சொல்லுங்கள்.

ஈப்போ சமையல்கட்டு:
மலர், முதலில் மணியைப் பின்னோக்கி எண்ணுங்கள். இறால், கடலை ஒவ்வாமை மாதிரி இது உடனே கிளம்பாது. சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் ஆகும். ராத்திரி 1 மணிக்குத் தடிப்பு என்றால், மாலை 7லிருந்து 11க்குள் உள்ளே போனது எல்லாம் கணக்கில் வரும். ஆல்பா-கால் என்பது ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் உடம்பில் உள்ள ஒரு சர்க்கரை. அது இறைச்சியின் கொழுப்போடு சேர்ந்து மெதுவாக ரத்தத்துக்குப் போவதால்தான் இந்தத் தாமதம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கொழுப்பு கூடினால் ஆபத்தும் கூடும். குண்டிக்காய் (சிறுநீரகம்) மட்டும் தனி ரகம். அதில் ஆல்பா-கால் மிக அதிகம் என்பதால் சீக்கிரமே வேலையைக் காட்டிவிடும்.

எங்கே ஒளிந்திருக்கிறது? என் முதல் சந்தேகம் தால்ச்சா. ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்பு என்று நம்பிச் சாப்பிடுவார்கள். பல கடைகளில் அது ஆட்டெலும்போ மாட்டெலும்போ போட்டுக் கொதிக்க வைத்தது. அடுத்தது நாசி கண்டார் (சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தருவது). கோழிதான் கேட்டோம் என்றாலும், எல்லாக் குழம்பையும் கலந்து ‘பஞ்சிர்’ ஊற்றும்போது கோழி என்பது பேருக்குத்தான். ஒரே அகப்பை எல்லாச் சட்டிக்கும் போகும். பீஹூன் சூப் என்றால் எந்த எலும்பில் சாறு எடுத்தது என்று கேளுங்கள். சீனர் கடையில் குவாய் தியாவ், ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸ் வகைகள் இரண்டிலும் பன்றிக் கொழுப்பு வழக்கமானது. பொரிக்கும் எண்ணெயையும் கேட்டே ஆக வேண்டும். எவ்வளவு கொதித்தாலும் இந்தச் சர்க்கரை சூட்டில் அழியாது.

ஹலால் முத்திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த முத்திரை பன்றி இல்லை என்று உறுதி தரும், மாடு இல்லை என்று தராது. முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் (எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் பசை) ஹலால்தான். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகள், கொலாஜன் பானங்கள் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கலாம். கோழிச் சாசேஜின் உறைகூட ஆட்டுக் குடலாகவோ மாட்டுக் கொலாஜனாகவோ இருக்கலாம். மாடு, பன்றி, அவற்றிலிருந்து எடுத்த பொருள்கள் கலந்திருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்று மலேசிய உணவு விதிமுறைகள் 1985 கேட்கிறது, ஆகவே ‘மெங்காண்டுங்கி’ (இதில் உள்ளது) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரி மாட்டுக்கும் பன்றிக்கும்தான், ஆட்டுக்கு இல்லை. எனவே கறிச்சுவை மீ பாக்கெட், சூப் கட்டிகளில் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். அகார்-அகார் கடல்பாசி, கவலை வேண்டாம். மீன் ஜெலட்டினும் ஆகும்.

பாலை இப்போதே நிறுத்தாதீர்கள். இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது. மேலே சொன்னதையெல்லாம் துடைத்தெடுத்த பிறகும் தொந்தரவு நின்றபாடில்லை என்றால், ஒரு மாதம் பால், நெய், சீஸ், ஐஸ்கிரீம் அனைத்தையும் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொழுப்புக் குறைந்த பாலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். ஐஸ்கிரீமும் நெய்யும் கடைசி.

மருந்துக்கடை அக்கா:
சாப்பாட்டுக் கணக்கு எழுதும்போது பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: மது, வலி மாத்திரை, கடும் உழைப்பு. ஒரே அளவு இறைச்சி ஒரு நாள் சும்மா போகும், இன்னொரு நாள் ஆளைச் சாய்த்துவிடும். நடுவில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். பொன்ஸ்தான், ஐபுபுரோஃபென் இரண்டும் அந்த வகை வலி மாத்திரைகள். முனியாண்டி கோயில் பூசை முடிந்து கறி விருந்தும் பீரும் சேரும் இரவில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கேப்சூல் உறை பெரும்பாலும் மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின். மீனெண்ணெய் மாத்திரையில் எண்ணெய்தான் மீன், உறை வேறு. தாவர உறை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்றச் சொல்லுங்கள். ஆனால் ரத்த அழுத்தம், இதயம், சர்க்கரைக்கான மருந்தை ஜெலட்டின் பயத்தில் நீங்களாக நிறுத்தவே கூடாது.

மருத்துவமனையில் படுக்கும் நிலை வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது; சில சலைன் வகைத் திரவங்களில் ஜெலட்டின் உண்டு; பன்றி, மாட்டுத் திசுவால் செய்த இதய வால்வுகள் உண்டு. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கு முதல் ஊசியிலேயே கடுமையாக ஒவ்வாமை வந்தவர்களை ஆராய்ந்துதான் 2008இல் அமெரிக்காவில் இந்த ஆல்பா-கால் ஐஜிஇ எதிர்ப்பொருளையே கண்டார்கள். ‘அலாஹான் டாகிங் மேரா டான் ஜெலாதின், ஆல்பா-கால்’ (சிவப்பு இறைச்சி, ஜெலட்டின் ஒவ்வாமை) என்று ஓர் அட்டையில் மலாயில் எழுதி ஐசியோடு (அடையாள அட்டை) வைத்திருக்கட்டும்.

அட்ரினலின் பேனா (கடும் ஒவ்வாமைக்கு உடனே குத்தும் ஊசி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவருக்கு 0.3 மி.கி. தொடையின் வெளிப்புறம், நடுப்பகுதி. காற்சட்டை மேலேயே குத்தலாம். எபிபென் என்ற வகைப் பேனா என்றால் ‘க்ளிக்’ சத்தத்துக்குப் பிறகு 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தோலில் மட்டும் தடிப்பு என்றால் ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமை மாத்திரை) போதும். மூச்சு இறுகினால், தொண்டை அடைத்தால், தலை சுற்றி விழப்போனால், அல்லது தடிப்போடு வாந்தியும் வயிற்று வலியும் தொடர்ந்தால் பேனாதான் முதலில், பிறகு 999. ஆன்டிஹிஸ்டமினைப் போட்டுவிட்டு ‘பார்ப்போம்’ என்று உட்கார்ந்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. குத்தியபின் எழுந்து நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் இரண்டாவது பேனா. பேனாவை மோட்டார் சீட்டுப் பெட்டியில் வைத்தால் வெயிலில் மருந்து கெட்டுவிடும். 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள் அது, ஆனால் ஐஸ்பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது. ஒரு பையில் நிழலான இடத்தில் இருக்கட்டும்.

பீல்டு கண்டக்டர் 32:
உண்ணி மரத்திலிருந்து விழுவதில்லை. புல், லாலாங் (உயரப் புல்) நுனியில் காலை நீட்டிக் காத்திருந்து, உரசுபவர்மேல் ஏறும். எனவே ஏற்றம் கீழிருந்து மேலே. காற்சட்டையைச் சாக்சுக்குள் செருகி, அதன் மேல் பூட்ஸ். தோட்டத்தில் மாடு மேய விட்டிருந்தால் மாடு படுக்கும் இடம், காட்டுப்பன்றி புரளும் சேறு, வெட்டிய மட்டை அடுக்கிய வரிசையின் ஓரம் மூன்றும் உண்ணிக்குத் தோதான இடங்கள். காட்டுப்பன்றியில் வாழும் ஆம்பிளியோம்மா டெஸ்டுடினேரியம் என்ற உண்ணியை ஜப்பானில் இந்த ஒவ்வாமையோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். அது நம் நாட்டிலும் உண்டு.

வேலை உடுப்பு, சாக்சு, பூட்சின் வெளிப்புறத்துக்கு 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. தோலில் அடிக்கக் கூடாது. நிழலில் முழுதும் காய்ந்த பிறகே போட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஈரத் துணி அதன் பக்கம் போகவே கூடாது, பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வெளியே தெரியும் தோலுக்கு 20 முதல் 30 விழுக்காடு டீட் என்ற பூச்சி விரட்டி. வியர்வையில் கரைந்துவிடும், ஆகவே மதியம் மறுபடி பூச வேண்டும்.

வீடு திரும்பியதும் குளியல். முழங்காலின் பின்புறம், அரை, அக்குள், தொப்புள், காதின் பின்னால், பெல்ட் அழுத்தும் இடம் எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குஞ்சு உண்ணி எள்ளைவிடச் சின்னது, கண்ணுக்குத் தப்பும். உடுப்பைத் துவைக்கும் முன்பே, காய்ந்த நிலையில், டோபி கடையின் (சலவைக் கடை) டிரையரில் உச்சச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டுங்கள். துவைத்துவிட்டு ஓட்டினால் ஈரம் காயவே நேரம் போய்விடும். சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது.

ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். சிகரெட் நெருப்பு, மண்ணெண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். வயிற்றை நசுக்கினால் அதன் எச்சில் உடம்புக்குள் போகும், ஒவ்வாமையைக் கிளப்புவதே அந்த எச்சில்தான்.

மலர், சுங்கை சிப்புட்:
நன்றி அண்ணே, அக்கா. தால்ச்சா வாரத்தில் பல நாள் உண்டு, இன்றிலிருந்து நிறுத்துகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. பாம்பு கடித்தால் ஊசி போடலாமா? இந்த ஒவ்வாமை எப்போதாவது போகுமா?

மருந்துக்கடை அக்கா:
பாம்பு விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, அதில் ஆல்பா-கால் இருக்கக்கூடும். அதற்காக மறுக்காதீர்கள், விஷம் அதைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவமனைக்கு வந்த உடனே அந்த ஒவ்வாமை அட்டையைக் காட்டினால் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு போடுவார்கள்.

இரண்டாவது கேள்வி: புதுக் கடி இல்லாமல் போனால் பலருக்கு ஐஜிஇ அளவு சில ஆண்டுகளில் இறங்கும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கடி பட்டால் அளவு மறுபடி ஏறிவிடும், அதனால் கண்டக்டர் அண்ணன் சொன்னதுதான் இங்கே மருந்து. அளவு நன்றாக இறங்கிய பிறகும் ஆட்டுக்கறியை வீட்டில் ருசி பார்க்கக் கூடாது. மருத்துவமனையில், பகலில், டாக்டர் முன்னால் சிறு அளவு கொடுத்து, தாமத நேரம் முழுவதும் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.