எல்போவை ஒட்டினால் சொட்டுகிறது

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பில் எல்போவை, அதாவது பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டை, நானே ஒட்டினேன். பசையைத் தாராளமாகத்தான் பூசினேன். பத்து நிமிடம் கழித்து வால்வைத் திறந்தால் சொட்டுகிறது. இரண்டு எல்போ வீண். எங்கே தப்பு?

பதில்: தம்பி, நீங்கள் பூசிய சால்வென்ட் சிமென்ட் வெறும் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலையே கரைத்து இளக்கும். இளகிய இரண்டு தோலும் கலந்து, அதிலுள்ள சால்வென்ட் (கரைப்பான்) ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டால் எப்படி? ஒரு நாள் விடுங்கள். ஹேக்சாவால் அறுத்த பிசிறைச் சுரண்டினீர்களா? பூசியதையெல்லாம் அது வழித்துக்கொண்டு போய்விடும். உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் தானாகப் பின்னுக்கு நழுவும். நானும் அப்படி ஒருமுறை முழுக்க நனைந்தவன்தான்.

கேட்டவர்: பிசிறு எடுக்கவில்லை அண்ணே. பைப்பும் ஈரம். அப்புறம், தொட்டியில் ஒரு விரிசல் இருக்கிறது. மிச்சத்தை அதில் தடவலாமா?

இன்னொருவர்: வேண்டாம். கறுப்புத் தொட்டி பாலிஎத்திலீன். இந்த சால்வென்ட் அதைக் கரைக்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

கேட்டவர்: சரி, நாளைக்குத் துணியோடு ஏறுகிறேன்.